கீழாநெல்லி கல்லீரலை எப்படிக் காக்கிறது?

கொங்கு நாட்டில் மழைக்குப் பின் தென்னந்தோப்பிலும் மஞ்சள் காட்டு வரப்பிலும் முழ உயரத்துக்குத் தழைத்து நிற்கும் செடி கீழாநெல்லி. இலைகளுக்கு அடியில் கடுகளவு காய்கள் வரிசை பிடித்துத் தொங்கும். மஞ்சள் காமாலை கண்டால் இதை வேரோடு பிடுங்கிக் கழுவி, அரைத்து, மோரில் கலந்து கொடுப்பது தலைமுறை வழக்கம். அதற்கு ஆய்வகம் என்ன சாட்சி சொல்கிறது?

முதலில் செடி எது என்று உறுதியாக வேண்டும். தண்டு சிவந்து காய் சொரசொரப்பாக இருந்தால் அது சிவப்புக் கீழாநெல்லி. பச்சைத் தண்டும் வழவழப்பான காயும் கொண்டது பில்லாந்தஸ் அமாரஸ். கோவை வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையின் தென் மண்டல மையம் இருக்கிறது. இப்பகுதி ஆய்வாளர்கள் பலர் அடையாளச் சான்று பெறுவது அங்கேதான்.

அடுத்தது சோதனை. எலிகளுக்குக் கார்பன் டெட்ராகுளோரைடு கொடுக்கிறார்கள். முன்பு உலர்சலவையிலும் தீயணைப்பான்களிலும் பயன்பட்ட திரவம் இது. நச்சை முறிக்க வேண்டிய கல்லீரல் நொதியே இதை இன்னும் கொடிய துகளாக்கிவிடுகிறது. அந்தத் துகள் செல் சவ்வின் கொழுப்பைத் தாக்க, ஓலைக் கூரைக்குக் கூரை தீ தாவுவதுபோல் சேதம் பரவுகிறது. செல் உடைந்து, உள்ளே இருக்க வேண்டிய ஏஎல்டி, ஏஎஸ்டி நொதிகள் ரத்தத்தில் கசிகின்றன. மூலிகைச் சாறு பெற்ற எலிகளில் இந்த அளவு குறைந்தால், செல்கள் காக்கப்பட்டன என்று பொருள்.

கீழாநெல்லியில் உள்ள பில்லாந்தின், ஹைப்போபில்லாந்தின் என்ற சேர்மங்கள் எலியின் கல்லீரல் செல்களை இந்த நச்சிலிருந்து காத்ததை 1985இல் வெளியான ஆய்வு காட்டியது. 1988இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜன் குழு, ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமந்தவர்களிடம் இச்செடியைச் சோதித்து லான்செட் இதழில் எழுதியது. பொடி உண்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் கிருமியின் மேற்புரதம் மறைந்தது. வெற்று மருந்து உண்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே. பிற இடங்களில் நடந்த பின்னாளைய சோதனைகள் பலவற்றில் அந்தப் பலன் கிட்டவில்லை.

எலிக்கு நச்சுக்கு முன்போ உடனோ சாறு கொடுக்கிறார்கள். மனிதரோ கண் மஞ்சளான பிறகே செடியைத் தேடுகிறோம். காமாலைக்குக் காரணம் கிருமியாகவும் இருக்கலாம், பித்தநாளத்தை அடைத்த கல்லாகவும் இருக்கலாம், அளவு மீறிய பாராசிட்டமாலாகவும் இருக்கலாம். பாராசிட்டமால் நஞ்சுக்கு அசிட்டைல்சிஸ்டைன் என்ற மாற்று மருந்து உண்டு. நேரம் தவறினால் அதன் பலன் குறையும். ஆகவே கண் மஞ்சளானதும் ரத்தப் பரிசோதனைக்குச் செல்லுங்கள். கீழாநெல்லி கொடுப்பதா என்பதைக் காரணம் தெரிந்த பின் மருத்துவரோடு பேசி முடிவு செய்யலாம்.