முகமறியாதார் சொன்ன வழி

காலஞ்சென்ற தமிழாசிரியர் ஒருவரின் கட்டுரைகளைத் தொகுத்து நூலாக்கும் பணி சில காலத்துக்கு முன் என்னிடம் வந்து சேர்ந்தது. ஆசிரியர் தம் இறுதிக் காலத்தில் எழுதியவற்றையெல்லாம் கணினியில் தாமே தட்டச்சுச் செய்து வைத்திருந்தார். ஏறக்குறைய முந்நூறு பக்கங்கள். எல்லாம் பாமினி எழுத்துருவில் அமைந்தவை. ஒருங்குறி வழக்குக்கு வருமுன் ஈழத்துத் தமிழெழுத்தாளர் பலருக்கும் கைவந்த எழுத்துரு அது. அதன் இயல்பு யாதெனில், கணினியின் உள்ளே கிடப்பவை ஆங்கில எழுத்துக்களே. அவற்றின்மேல் தமிழ் வடிவம் போர்த்தப்பட்டிருக்கும். போர்வையை நீக்கினால் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலே எஞ்சும். என்னுடைய புதிய கணினியில் அந்தப் போர்வை இல்லை. கோப்பைத் திறந்தபோது ஆசிரியரின் தமிழ் முழுவதும் மறைந்துபோயிருந்தது.

இவ்விடயங்களில் எனக்குப் பயிற்சியில்லை. ஆகவே, இத்தகைய ஐயங்களுக்குப் பலர் ஊதியம் எதிர்பாராது விடை கூறும் இணையத் தளமொன்றில் என் இடரை எழுதிவிட்டு உறங்கச் சென்றேன். விடியுமுன் விடை வந்திருந்தது. எழுதியவர் எந்த ஊரவர், என்ன தொழில் செய்பவர், ஆணோ பெண்ணோ எதுவும் தெரியாது. "கோப்பு முழுவதும் பாமினியில் இருக்குமாயின், இந்த மாற்றியில் இட்டு ஒருங்குறிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்" என்று இரண்டே வரிகள். அவ்வாறே செய்தேன். தமிழ் மலர்ந்தது. மகிழ்ச்சிப் பெருக்கில், மாற்றிய வடிவத்தைப் பழைய கோப்பின் மேலேயே சேமித்தும் விட்டேன்.

பத்து நாட்களின் பின், மெய்ப்புப் பார்க்க அமர்ந்தபோதுதான் நேர்ந்தது புலனாயிற்று. ஆசிரியர் ஒப்பியல் நோக்கு மிக்கவர். ஆங்கிலக் கவிஞர் பெயர்களையும் நூற்பெயர்களையும் ஆங்கில எழுத்திலேயே இடையிடையே தந்திருந்தார். மாற்றி அவற்றையும் பாமினியென்றே கொண்டு தமிழாக்கிவிட்டது. ஷெல்லியின் பெயர் நின்ற இடத்தில் வாயில் நுழையாத ஓர் எழுத்துக் கூட்டம் நின்றது. பழைய சஞ்சிகைகளைத் தேடி ஒப்பிட்டும், உருத்திரிந்த எழுத்துக்களைப் பின்னோக்கி மாற்றியும் பெரும்பாலானவற்றை மீட்டேன். அதற்கு ஒரு மாதம் சென்றது.

"யாரோ ஒருவர் சொன்னதை நம்பலாமா?" என்று நண்பர் ஒருவர் கடிந்துகொண்டார். ஆனால் அந்த யாரோ சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. "முழுவதும் பாமினியில் இருக்குமாயின்" என்றுதான் அவர் சொன்னார். அந்த 'ஆயின்' என்பதை வாசியாது விட்டவன் நான்.

என் இழப்பு சிறிது. இதே போன்றதோர் 'ஆயின்' கைநழுவியதால் உலகெங்கும் எண்ணற்ற கணினிகளின் பூட்டுக்கள் பயனற்றுப்போன வரலாறு ஒன்று உண்டு. முகமறியாதார் கூறும் யோசனையை எவ்வாறு எடைபோடுவது என்று எண்ணும்போதெல்லாம் எனக்கு அதுவே நினைவுக்கு வருகிறது.

குலுக்கற் குடத்தின் கதை

டெபியன் என்பது 1993 ஆம் ஆண்டில் இயன் மர்டொக் என்பவர் தொடங்கிய ஓர் இயக்கம். லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட கணினி இயங்குதளத்தைத் தன்னார்வலர்கள் ஒன்றுகூடித் தொகுத்து, எவரும் விலையின்றிப் பெறும்படி வழங்குகிறார்கள். உபுண்டு முதலிய வேறு பல தொகுப்புக்களுக்கும் இதுவே அடித்தளம். இதில் அடங்கிய ஆயிரக்கணக்கான நிரல்களுள் ஒன்று ஓப்பன் எஸ்.எஸ்.எல். இணையத்திற் செல்லும் செய்திகளை மறைபொருளாக்கும் திறவுகோல்களை ஆக்கித் தருவது அதன் பணிகளுள் ஒன்று.

திறவுகோல் என்பது இங்கே மிகப் பெரியதோர் எண். அதனை எவராலும் முன்கூட்டி ஊகிக்க முடியாதிருத்தல் வேண்டும். கணினியோ சொன்னதைச் சொன்னபடி செய்யும் பொறி. தற்செயல் என்பதை அது அறியாது. ஆகவே ஒழுங்கற்ற பலவகைத் துணுக்குகளை அங்கங்கே பொறுக்கி, ஒரு குடத்திலிட்டுக் குலுக்கி, அதிலிருந்தே எண்ணை எடுக்கும்படி நிரலை அமைத்துள்ளனர். குடத்தினுள் எவ்வளவு விழுகிறதோ அவ்வளவுக்கே பூட்டு வலிது.

நிரல்களிற் பிழை தேடும் கருவிகளுள் வல்கிரைண்ட் என்பது ஒன்று. இன்னும் எதுவும் எழுதப்படாத நினைவகப் பகுதியில் கிடப்பதை ஒரு நிரல் நம்பிச் செயற்படுமாயின் அது முறையிடும். ஓப்பன் எஸ்.எஸ்.எல். நிரலில் இரண்டு வரிகளை அது குற்றஞ்சாட்டியது. அவ்விரண்டும் தோற்றத்தில் இரட்டையர் போன்றவை. ஆனால் ஒன்று, வெற்று நினைவகத்தில் ஏதேனும் கிடந்தால் அதையும் குடத்திலிடுவோம் என்று வேண்டுமென்றே எழுதப்பட்டது. அதை நீக்கினாற் கேடில்லை. இத்தகைய கருவி அவ்விடத்தில் முறையிடும் என்ற குறிப்பைக்கூட நிரலின் மூலவர்கள் அதனருகே எழுதி வைத்திருந்தனர். மற்றையது அவ்வாறன்று. துணுக்குகள் யாவும் குடத்தினுள் விழும் வாயே அதுதான்.

2006 மே மாதத்தில், டெபியனில் இந்நிரலுக்குப் பொறுப்பாயிருந்த தன்னார்வலர் செய்ய வேண்டியதையே செய்தார். அந்நிரலை ஆக்குவோர் கலந்துரையாடும் பொதுவிடத்தில் வெளிப்படையாக எழுதிக் கேட்டார். இவ்விரு வரிகளையும் நீக்கிவிடுவதே தக்கதென்று தோன்றுகிறது. ஆனால் அதனால் எண்ணாக்கத்துக்கு என்ன விளையும் என்பதைத் தாம் அறியார் என்பது அவர் எழுதியதன் சாரம். மூலவர் குழுவைச் சேர்ந்த ஒருவர் மறுமொழி தந்தார். பிழை தேடுவதற்கு உதவுமாயின் நீக்குவதைத் தாம் ஆதரிப்பதாகச் சொன்னார்.

வரிகள் நீக்கப்பட்டன. பிழை தேடுவதற்கென ஒருவர் தம் மேசையில் வைத்திருக்கும் படியிலன்று, யாவருக்கும் வழங்கும் தொகுப்பிலேயே நீக்கப்பட்டன. 2006 செப்டெம்பரில் அத்தொகுப்பு வெளிவந்தது. குடத்தின் வாய் அடைபட்டது. உள்ளே எஞ்சியது ஒரேயொரு துணுக்கு: கணினி ஒவ்வொரு செயலுக்கும் இடும் வரிசை எண். அது 32,768 ஐத் தாண்டாது. அண்டத்தின் அணுக்களையும் விஞ்சும் எண்ணிக்கையிலிருந்து எடுக்கப்பட வேண்டிய திறவுகோல், ஒவ்வொரு வகைக்கும் முப்பத்து மூவாயிரத்துக்கும் குறைவான எண்களிலிருந்து எடுக்கப்பட்டது. அத்தனையையும் முன்கூட்டியே ஆக்கி அட்டவணைப்படுத்தச் சில மணிநேரம் போதும்.

இருபது மாதங்கள் இதனை எவரும் அறியவில்லை. பூட்டு வழக்கம்போலப் பூட்டியது. திறவுகோல் வழக்கம்போலத் திறந்தது. டெபியன் தன்னார்வலருள் ஒருவரான லூசியானோ பெல்லோ இதனைக் கண்டுபிடிக்க, 2008 மே 13 ஆம் திகதி அறிவித்தல் வெளியாயிற்று. அக்காலத்தில் அவ்வகைக் கணினிகளில் ஆக்கப்பட்ட திறவுகோல்கள் யாவற்றையும் எறிந்துவிட்டுப் புதிதாக ஆக்கவேண்டியதாயிற்று. மாற்றத்தைத் தங்களிடம் முறைப்படி அனுப்பவில்லை என்று மூலவர் தரப்பிலிருந்து குறை எழுந்தது. கேட்டபோது தடுக்கவில்லையே என்று மறுதரப்பிலிருந்து விடை எழுந்தது. அந்த வழக்கில் நாம் புக வேண்டியதில்லை.

நாம் நோக்கவேண்டியது வேறு. ஒருவர் சொல்லை நம்பலாமா என்பதற்கு நாம் வழக்கமாகக் கைக்கொள்ளும் அளவைகள் எவை? சொல்பவர் துறையறிந்தவரா? ஆம். அவருக்கு இதனால் ஆதாயமுண்டா? இல்லை. கேட்டவர் நேர்மையானவரா? தம் அறியாமையைத் தாமே சொன்னவர். பலர் அறியக் கேட்கப்பட்டதா? ஆம். எவரேனும் வலிந்து மறுத்தனரா? இல்லை. எல்லா அளவைகளிலும் தேறிய யோசனை இது. ஆனால் கேட்கப்பட்ட வினாக்கள் இரண்டு. வந்த விடை ஒன்று. 'நீக்கலாமா' என்பதற்கு நிபந்தனையோடு விடை வந்தது. 'நீக்கினால் என்ன விளையும்' என்பதற்கு விடையே வரவில்லை. வராத விடையை வந்ததாகக் கொண்டதிலேயே கேடு புகுந்தது. நிபந்தனை வழியில் உதிர்ந்துபோயிற்று.

திருக்குறளிலே தெரிந்து தெளிதல் என்றோர் அதிகாரம் உண்டு. அது ஆளை ஆராயும் முறை கூறுவது. எதிரே நிற்கும் ஒருவனைப் பணிக்கு அமர்த்தும் அரசனுக்கு அது பொருந்தும். அறிவுடைமை என்னும் அதிகாரமோ சொல்பவரை விடுத்துச் சொல்லப்பட்ட பொருளை நோக்கும்படி பணிக்கிறது. இணையத்தில் ஆளைக் காணும் வழியில்லை. ஆதலால் முன்னையதைவிடப் பின்னையதே நமக்குக் கைகொடுக்கும் என்பது என் எண்ணம்.

புள்ளிகளும் புன்னகையும்

ஆளைக் காணாத குறையை எண்களால் நிரப்ப முயன்றவர்களும் உளர். ஜோயல் ஸ்பொல்ஸ்கி, ஜெப் அட்வூட் என்னும் இருவர் 2008 இல் தொடங்கிய ஸ்டாக் ஓவர்புளோ என்ற வினாவிடைத் தளத்தில், நல்ல விடைக்கு வாசகர்கள் வாக்களிப்பர். வாக்குகள் விடையளித்தவரின் மதிப்புப் புள்ளிகளாகச் சேரும். இதனால் நன்மை மிகுதி என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் வாக்கு எதனை அளக்கிறது? 'எனக்கு இது வேலை செய்தது' என்னும் நன்றியை அளக்கிறது. வேலை செய்வதும் சரியாயிருப்பதும் ஒன்றல்ல என்பதற்கு மேலே கண்ட பூட்டே சாட்சி.

2010 இல் ஜாவா நிரலாளர் ஒருவர் அத்தளத்தில் ஒரு சிறு விடை எழுதினார். கோப்பின் அளவை மனிதர் வாசிக்கத்தக்க வடிவிலே காட்டும் சில வரிகள். அதற்கு வாக்குகள் குவிந்தன. அத்தளத்தின் ஜாவா விடைகளுள் மிகுதியாகப் படியெடுக்கப்பட்டது அதுவே என 2018 இல் வெளிவந்த ஆய்வொன்று கண்டது. 2019 இல் எழுதியவரே முன்வந்து, அதிற் பிழையுண்டு என்று அறிவித்தார். 9,99,999 பைட் என்ற அளவை அது 1.0 மெகாபைட் என்று காட்டாமல் 1000.0 கிலோபைட் என்று காட்டும். அற்பப் பிழைதான். ஆனால் ஒன்பது ஆண்டுகளாக அத்தனை வாக்காளரும் அத்தனை படியெடுப்போரும் கண்ணுறாத பிழை. தம் விடை புகழ்பெற்ற பின்னரும் அதனைத் தாமே மீண்டும் சோதித்த அந்த மனிதரிடம் எனக்குப் பெருமதிப்பு உண்டு.

எல்லாப் பிழைகளும் அற்பமானவை அல்ல. 2017 இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு 13 இலட்சம் அண்ட்ரொய்ட் செயலிகளை நோக்கியது. அவற்றுள் நூற்றுக்கு 15.4 வீதமானவை பாதுகாப்புத் தொடர்பான வரிகளை அத்தளத்திலிருந்து எடுத்தாண்டிருந்தன. எடுத்தாண்டவற்றுள் 97.9 வீதமானவற்றில் பாதுகாப்பற்ற துண்டு ஒன்றேனும் இருந்தது. 2022 டிசம்பரில் அதே தளம் சற்ஜிபிரி எழுதும் விடைகளைப் பதிவிடலாகாது என்று தடைசெய்தது. அவை பார்வைக்குச் சரியானவை போலத் தோன்றி, பெரும்பாலும் பிழையாயிருந்தமையே காரணம். நடையழகை அறிவென்று கொள்ளும் மயக்கம் தமிழ் படித்த நமக்குப் புதிதன்று.

நெடுங்கால உழைப்பையேனும் நம்பலாமா? அங்கும் ஒரு கசப்பான செய்தி உண்டு. எக்ஸ்.இசட். எனப்படும் கோப்புச் சுருக்கும் நிரல் ஒன்று. அதனை ஊதியமின்றி ஒருவரே நெடுங்காலம் பேணிவந்தார், சோர்ந்துமிருந்தார். 2021 முதல் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் பணிவோடு திருத்தங்கள் அனுப்பி உதவினார். 2022 இல் வேறு சில புதுப் பெயர்கள் தோன்றி, வேலை மந்தமாயிருக்கிறதென்று மூலவரை நெருக்கின. படிப்படியாகப் பொறுப்பு புதியவர் கைக்குச் சென்றது. 2024 பெப்ரவரியிலும் மார்ச்சிலும் அவர் வெளியிட்ட பதிப்புக்களில், தொலைவிலிருந்து கணினியினுள் நுழைய ஒரு கள்ளவாசல் ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. இரண்டாண்டுப் பணிவும் அதற்கான முதலீடு.

அதனை வெளிப்படுத்தியவர் மைக்ரோசொப்டிற் பணியாற்றிய அண்ட்ரெஸ் புரொயின்ட். அவர் எவர்மீதும் ஐயங்கொண்டு தொடங்கவில்லை. வேறொரு சோதனையின் இடையே, கணினியினுள் புகுவதற்கு ஏறக்குறைய அரை நொடி அதிகமாகச் செல்வதைக் கண்டார். அந்த அரை நொடிக்குக் காரணம் தேடிச் சென்றார். மார்ச் 29 ஆம் திகதி உலகுக்கு அறிவித்தார். அந்தப் பதிப்புக்கள் பெரும்பாலும் சோதனைத் தொகுப்புக்களை மட்டுமே எட்டியிருந்த வேளை அது.

இவற்றையெல்லாம் படித்தபின், யோசனை கேட்பதையே விட்டுவிடவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அது ஆகக்கூடியதுமன்று, அந்தத் தன்னார்வலர் இல்லையேல் ஆசிரியரின் கட்டுரைகள் இன்றும் ஆங்கில எழுத்துக் குவியலாகவே கிடந்திருக்கும். வாசிக்கும் முறை மட்டும் மாறியிருக்கிறது. விடையளிக்குமுன் திருப்பிக் கேட்பவரை இப்போது கூடுதலாக மதிக்கிறேன். எந்தப் பதிப்பு, எவ்வெழுத்துரு, வேறு மொழி கலந்துள்ளதா என்று கேளாமலே வழி சொல்பவர், நாடி பாராது மருந்து தரும் வைத்தியரைப் போன்றவர். செய்ததை மீளப்பெறும் வழியையும் உடன் சொல்பவர் அரியவர். நிபந்தனைச் சொற்களைக் கண்டால் அடிக்கோடிடுகிறேன். எதைச் செய்யுமுன்னும் மூலத்தைப் படியெடுத்து வைக்கிறேன்.

எனக்கு வழி சொன்னவருக்கு நடந்ததை எழுதினேன், குறையாக அன்று, செய்தியாக. மறுநாளே அவர் தம் பழைய விடையின் கீழ் ஒரு வரி சேர்த்திருந்தார்: ஆங்கிலம் கலந்திருந்தால் அது கெடும், முதலில் ஒரு படி எடுத்து வையுங்கள். அவர் பெயர் இன்னும் எனக்குத் தெரியாது.

நூல் அச்சுக்குப் போய்விட்டது. நாற்பத்தேழாம் பக்கத்தில் ஒன்றும், நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஒன்றுமாக இரண்டு பெயர்களை மட்டும் மீட்க முடியவில்லை. அவ்விடங்களில் அடைப்புக்குறியினுள் கேள்விக்குறி இட்டிருக்கிறேன்.