ராக்கெட்பால் விளையாட்டில் புறங்கை வீச்சு

ராக்கெட்பால் விளையாட்டில் புறங்கை வீச்சு என்பது, மட்டை பிடித்த கைக்கு எதிர்ப்பக்கத்தில் வரும் பந்தை, புறங்கை முன்சுவரை நோக்கி இருக்குமாறு மட்டையை வீசி அடிக்கும் முறையாகும். பேக்ஹேண்ட் எனப் பரவலாக அறியப்படும் இவ்வீச்சு, வலக்கை ஆட்டக்காரருக்கு உடலின் இடப்பக்கத்தில் நிகழ்கிறது. இக்கட்டுரையின் விளக்கங்கள் வலக்கையருக்கானவை. இடக்கையர் இடம் வலம் மாற்றிக் கொள்ளலாம்.

புதிதாக ஆடுவோர் பலர் இதனை இயல்பிலேயே வலுக்குறைந்த அடியாகக் கருதுகின்றனர். உடலமைப்பை நோக்கினால் இக்கருத்து சரியன்று. புறங்கை வீச்சில் அடிக்கும் தோள் முன்சுவர்ப் பக்கம் இருப்பதால், கை வீசும் பாதையை உடல் மறிப்பதில்லை. வீச்சு வலுவிழப்பதற்குப் பெரும்பாலும் இரண்டே காரணங்கள் உள்ளன. ஒன்று, கைப்பிடியை மாற்றாமல் அடிப்பது. மற்றொன்று, பந்தைக் காலந்தாழ்த்தித் தொடுவது.

பிரித்தானியாவில் ஸ்குவாஷ் களத்தில் ஆடப்பட்டு, 2016 இல் ஸ்குவாஷ் 57 எனப் பெயர் மாற்றப்பட்ட ஆட்டமும் தமிழில் எழுதும்போது ராக்கெட்பால் என்றே வரும். அது வேறு ஆட்டம். இங்கு கூறப்படுவது, உட்கூரையையும் சேர்த்து ஆடும் அமெரிக்க ஆட்டமாகும்.

தோற்றமும் தேவையும்

ராக்கெட்பால் ஆட்டத்தை 1950 இல் அமெரிக்காவின் கனெடிகட் மாநிலத்திலுள்ள கிரீனிச் நகரில் ஜோ சோபெக் என்பவர் உருவாக்கினார். ஹேண்ட்பால் எனப்படும் கைப்பந்தாட்டக் களத்தையும் அதன் விதிகள் பலவற்றையும் எடுத்துக்கொண்டு, கைக்குப் பதிலாக நரம்பு கட்டிய குட்டை மட்டையை அவர் புகுத்தினார். இந்த மரபே புறங்கை வீச்சின் தேவையை விளக்குகிறது. வெறுங்கையால் ஆடும் ஹேண்ட்பாலில் இடப்பக்கப் பந்தை இடக்கையால் அடித்துவிடலாம். ராக்கெட்பாலில் மட்டையை ஒரு கையாலோ இரு கைகளாலோ பிடிக்கலாம். ஆனால் பந்தை அடிப்பதற்காகக் கை மாற்றினால் அந்தப் புள்ளி எதிராளிக்குப் போய்விடும். ஆகவே களத்தின் இடப்பாதியைக் காக்க வலக்கையருக்குப் புறங்கை வீச்சே வழி. இரு கைப் பிடி அனுமதிக்கப்பட்டிருப்பினும், மட்டை எட்டும் தொலைவு குறைவதால் அதைப் பயன்படுத்துவோர் அரிது.

எதிராளியும் இதை அறிவார். எனவேதான் சர்வீஸ் எனப்படும் தொடக்க அடிகள் பெரும்பாலும் இடப்பக்கப் பின்மூலைக்கே அனுப்பப்படுகின்றன. களம் 40 அடி நீளமும் 20 அடி அகலமும் 20 அடி உயரமும் கொண்டது, அதாவது ஏறத்தாழ 12.2 × 6.1 × 6.1 மீட்டர். தொடக்க அடி அடிப்பவர் முன்சுவரிலிருந்து சுமார் 5.5 மீட்டர் தொலைவில் நிற்பதாகக் கொள்வோம். பந்து முன்சுவரைத் தொட்டுப் பின்மூலையை அடைய ஏறத்தாழ 18 மீட்டர் கடக்க வேண்டும். மணிக்கு 160 கி.மீ. வேகம் குறையாமல் சென்றால் இதற்கு ஏறத்தாழ 0.4 நொடி ஆகும். சுவரிலும் தரையிலும் காற்றிலும் வேகம் குறைவதால் உண்மையில் இதைவிடச் சற்றுக் கூடுதலாகும். எப்படியாயினும், யோசித்துக் கைப்பிடி மாற்றுவதற்கு நேரம் கிடைப்பதில்லை. மாற்றம் பழக்கமாகப் படிந்திருக்க வேண்டும்.

கைப்பிடி

உள்ளங்கை வீச்சுக்கு, ஒருவருடன் கைகுலுக்குவதுபோல் மட்டையைப் பிடிப்பது வழக்கம். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலான பிளவு அப்போது கைப்பிடியின் மேற்பக்கத்தில் அமைகிறது. அதே பிடியில் இடப்பக்கம் வீசினால் மட்டையின் முகம் மேல்நோக்கிச் சாய்கிறது. பந்து முன்சுவரில் உயரமாகப் பட்டு, எதிராளிக்கு எளிதாகத் திரும்பி வருகிறது. தன் புறங்கையில் வலுவில்லை என ஒருவர் எண்ணுவதற்கு முன் இச்சாய்வைச் சோதித்துப் பார்ப்பது நன்று.

இதைத் தவிர்க்க, எட்டுப் பட்டைகள் கொண்ட கைப்பிடியில் பிளவை ஏறத்தாழ ஒரு பட்டை இடப்பக்கமாக நகர்த்த வேண்டும். மட்டை முகம் சுவருக்கு நேராக நிற்கும் வரை அளவைச் சிறிது கூட்டியோ குறைத்தோ கொள்ளலாம். மட்டையின் கழுத்தை மற்றொரு கையால் பிடித்துத் திருப்பினால் இம்மாற்றம் விரைவாக நிகழும்.

உடல் திருப்பமும் தொடும் இடமும்

பந்து இடப்பக்கம் வருவது தெரிந்தவுடன் வலத்தோள் இடப்பக்கச் சுவரை நோக்கித் திரும்ப வேண்டும். மட்டை தோளுக்கு மேல், இடக்காதின் அருகே உயர்கிறது. திருப்பம் நிறைவாக அமைந்தால் முதுகின் ஒரு பகுதி முன்சுவருக்குத் தெரியும். பின்னர் வலக்கால் முன்வைக்கப்பட, இடுப்பு, தோள், முழங்கை, மணிக்கட்டு என்ற வரிசையில் ஒன்றையடுத்து ஒன்று அவிழ்கின்றன. சாட்டையின் அடிப்பகுதியில் தொடங்கும் அசைவு நுனியில் வேகமாக முடிவதைப் போன்றதே இது.

உடல் திரும்பாமல் கையை மட்டும் வீசினால், இடுப்பும் தோளும் செய்யவேண்டிய வேலை முன்கைத் தசைகள்மீது விழுகிறது. முழங்கையின் வெளிப்புறத்தில் வலி தரும் டென்னிஸ் முழங்கை என்னும் கோளாறுக்கு இத்தகைய பிழையான வீச்சு ஒரு காரணமாகலாம். எனவே இது புள்ளி இழப்போடு நிற்கும் பிழையன்று.

அடுத்தது தொடும் இடம். உள்ளங்கை வீச்சில் அடிக்கும் தோள் பின்னால் இருப்பதால், பந்தைச் சற்று உள்ளே வரவிட்டும் அடிக்க முடியும். புறங்கையில் தோள் முன்னால் இருப்பதால் தொடும் இடமும் முன்னால் நகர்கிறது. முன்வைத்த வலக்காலுக்கு நேரே பந்தைத் தொடுவது பொதுவான பரிந்துரை. இதற்கு விலக்கும் உண்டு. 1970களின் பிற்பகுதியில் தொழில்முறை ஆட்டத்தில் மேலோங்கியிருந்த மார்ட்டி ஹோகன், ஊசல்போல் மட்டையை வீசி, பந்தை அக்கால அறிவுரைகளுக்கு மாறாகப் பின்னால் விட்டே அடித்தார். அவருடைய தோள்வலுவும் நேரக்கணிப்பும் இல்லாதவர் அதைப் பின்பற்றுவது பயன் தராது.

உயரமும் கோணமும்

பந்தை முழங்காலுக்குக் கீழே வரும்வரை காத்திருந்து அடிக்குமாறு பயிற்சியாளர்கள் வலியுறுத்துவதற்கு எளிய வடிவியல் காரணம் உண்டு. மார்பளவில் தொட்ட பந்தை முன்சுவரின் அடிப்பகுதிக்கு அனுப்ப வேண்டுமெனில் அது கீழ்நோக்கிச் சாய்ந்து செல்ல வேண்டும். சுவரில் பட்ட பின் விரைவில் தரையில் மோதி மேலெழுகிறது. எதிராளிக்கு அடிக்க வசதியான உயரம் கிடைக்கிறது. தாழ்வாகத் தொட்ட பந்து கிட்டத்தட்ட தரைக்கு இணையாகச் சென்று, திரும்பியும் தாழ்வாகவே வருகிறது.

ஆனால் துல்லியத்தின் விலை அதிகம். முன்சுவரிலிருந்து 11 மீட்டர் தொலைவில் மட்டையிலிருந்து புறப்படும் திசை 1 பாகை பிசகினால், சுவரில் ஏறத்தாழ 19 செ.மீ. வேறுபாடு ஏற்படும். 15 செ.மீ. உயரத்தைக் குறிவைத்தவரின் பந்து, கீழ்நோக்கிப் பிசகினால், சுவரைத் தொடும் முன் தரையைத் தொட்டுவிடும். அதனால் பின்பகுதியிலிருந்து அடிப்பவர் சுவரடியைக் குறிவைப்பதைவிட, சற்று உயரமாக, எதிராளியைக் கடந்து செல்லும் அடியைத் தேர்வது அறிவுடைமை.

இடப்பக்கச் சுவரையொட்டி நேராக முன்சென்று அதே வழியில் திரும்பும் அடி முதன்மையானது. அது பக்கச்சுவரில் உரசினால் களத்தின் நடுவுக்கு வந்துவிடும். குறுக்காக வலப்பின்மூலைக்கு அனுப்ப விரும்பினால், முன்சுவரின் நடுப்பகுதிக்குச் சற்று வலப்புறம் குறிவைக்கலாம். பந்து முழங்காலுக்குக் கீழ் இறங்க வழியில்லாமல் தோளுயரத்தில் வந்தால், அதை உட்கூரையில் முன்சுவருக்கு அருகே படுமாறு தூக்கி அடிப்பதே பாதுகாப்பானது. அங்கிருந்து முன்சுவருக்கும், பின் தரைக்கும் செல்லும் பந்து உயரத் துள்ளி எதிராளியைப் பின்சுவர்வரை இழுத்துச் செல்லும்.

பயிற்சி

முதலில் ஆடுகளத்தின் நடுவில் நின்று, இடக்கையால் பந்தைத் தரையில் விட்டு, அது துள்ளி மீண்டும் தாழும்போது அடித்துப் பழகலாம். இப்பயிற்சியில் பந்து காத்திருப்பதால் தொடும் இடத்தை மட்டும் கவனிக்க முடிகிறது. இது நிலைபெற்ற பின் பின்சுவரிலிருந்து மீளும் பந்துகளுக்குச் செல்ல வேண்டும். தொடக்கத்தில் கடினமாகத் தோன்றும் இப்பந்துகள் உண்மையில் புறங்கைக்கு வாய்ப்பானவை: பந்து முன்சுவர் நோக்கியே நகர்கிறது, திரும்பி நிற்கவும் நேரம் கிடைக்கிறது. பந்தோடு சேர்ந்து முன்னகராமல், நின்ற இடத்திலிருந்து எட்டி அடிப்பதே இங்கு வழக்கமான பிழை.

வீச்சு முடிந்தபின் மட்டை உடலைச் சுற்றி வலப்பக்கம் விரிந்து செல்லும். சிறிய களத்தில் இதற்கு எட்டும் தொலைவில் எதிராளி நிற்கக்கூடும். அவரை அடித்துவிடக்கூடும் என நியாயமாகத் தோன்றினால் வீச்சை நிறுத்திக்கொள்ளலாம். விதிப்படி அப்புள்ளி மீண்டும் ஆடப்படும். மட்டையை மணிக்கட்டுடன் இணைக்கும் கயிறு கட்டாயமாகும். ஆட்டத்தின் நடுவே அதைக் கழற்றினால் புள்ளி இழக்க நேரும். கண்காப்புக் கண்ணாடியைப் பயிற்சியின்போதும் அணிய வேண்டும்.