மணிலாக் கொட்டையும் மறைமுக ஏலமும்

19ஆம் நூற்றாண்டில் புதுவைத் துறைமுகத்திலிருந்து மணிலாக் கொட்டை கப்பலேறிப் பிரெஞ்சு நாட்டு மார்செய் நகருக்குச் சென்றது. அங்கே அது எண்ணெயாயிற்று, சோப்புமாயிற்று. கடல் கடந்து மதிப்புப் பெறும் பொருளுக்கு விளைநிலத்தருகே விலை எவ்வாறு முடிவாகிறது?

நம் சந்தைகளில் தரகரும் வணிகரும் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. பொருளுக்குரியவன் அருகிலேயே நிற்பான். விலை மட்டும் அவனுக்குத் தெரியாது. இக்குறையை நீக்கச் சென்னை மாகாணத்தில் 1933இல் வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் இயற்றப்பட்டது. அப்போது பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுவையை அது தொடவில்லை. புதுவைக்கென விளைபொருள் சந்தைச் சட்டம் 1973இல்தான் வந்தது. தட்டாஞ்சாவடியில் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் இருக்கிறது.

இத்தகைய கூடங்களில் உழவரின் குவியலுக்கு எண் இடுவர். வணிகர்கள் கொட்டையை உடைத்துப் பார்த்து, விலையைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவர். குறித்த நேரத்தில் பெட்டி திறக்கப்படும். உயர்ந்த விலை அறிவிக்கப்படும். உழவர் இசைந்தால் விற்பனை, இல்லையேல் இல்லை.

மாணவ நேயர்களே, துண்டின் மறைவை ஒழித்தவர்கள் சீட்டின் மறைவை ஏன் கொண்டுவந்தார்கள்? கூவி ஏலம் விடும்போது வணிகர் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். 'இன்று இந்த விலைக்கு மேல் போகவேண்டாம்' என்று முன்பே பேசி வைத்திருந்தால், மீறுபவன் உடனே அகப்படுவான். மற்றவர் விலையை ஏற்றி அவனைத் தண்டிக்கலாம். சீட்டிலோ, பெட்டி திறக்கும் வரை மீறல் தெரியாது. கூட்டாளிகளுக்குள் எழும் அந்த ஐயமே உழவருக்குக் காப்பு.

ஆயினும் சீட்டு தனியே போதாது. வில்லியம் விக்ரி என்னும் அறிஞர் 1961இல் இதனைக் கணக்கிட்டார். 1996இல் நோபல் பரிசும் பெற்றார். பொருளுக்கு ஒவ்வொருவரும் மனத்தில் கொண்ட மதிப்பு 0 முதல் 100 ரூபாய்க்குள் எதுவாகவும் இருக்கலாம் என்று கொள்வோம். இருவர் மட்டுமே போட்டியிட்டால், ஒவ்வொருவரும் தம் மதிப்பில் பாதியையே எழுதுவர். பத்துப் பேரானால் பத்தில் ஒன்பது பங்கு எழுதுவர். ஏலமுறையைச் செப்பனிடுவதைக் காட்டிலும் இன்னும் சிலரை ஏலத்துக்கு வரவழைப்பதே பெரும்பாலும் மேலான பயனைத் தரும் என்பது என் கருத்து.

2016 ஏப்ரல் 14இல் தொடங்கிய மின்னணு தேசிய வேளாண் சந்தை, தொலைவிலுள்ளவரும் விலை கேட்க வழி செய்தது. ஆனால் கொட்டையை உடைத்துப் பார்க்க இயலாதவன் துணிந்து விலை கேட்பதற்கு, ஈரப்பதத்தையும் பருப்பின் தரத்தையும் அளந்து கூறும் நம்பகமான ஆய்வு வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. விலை பிடிக்காவிட்டால் மறுக்கலாம் என்பது உழவரின் உரிமை. மாலைக்குள் கடன் தீர்க்க வேண்டியவர் எப்படி மறுப்பார்? மூட்டைகளைக் கிடங்கில் வைத்து, அவற்றின்மேல் பொருளீட்டுக் கடன் பெற முடியுமானால், அவர் அடுத்த ஏலத்துக்குக் காத்திருக்கலாம்.