அட்வான்ஸ் பணம் நம்ம பணம்: காலி பண்ணும்போது திரும்ப வாங்குவது எப்படி?



டவுனில் கடை ரூம் பிடித்து வியாபாரம் செய்யும் குழுக்கள் நம்ம கூட்டமைப்பில் இருக்கின்றன. பிள்ளைகள் படிப்புக்காகவும், மில் வேலைக்காகவும் டவுனில் வாடகை வீட்டுக்குப் போன உறுப்பினர்களும் இருக்காங்க. உள்ளே போகும்போது எல்லாம் சுமுகமாத்தான் இருக்கும். காலி பண்ணும்போதுதான் தகராறு வரும். அட்வான்ஸைக் கேட்டு நடையா நடந்து, கடைசியில் "போனது போகட்டும்" என்று விட்டவர்கள் நம்மில் பலர். அப்படி விட வேண்டியதில்லை என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

நம்ம குழு ஒன்றுக்கு நடந்தது

நம்ம குழு ஒன்று, மசாலாப் பொடி விற்க டவுனில் ஒரு கடை ரூம் எடுத்தது. வாடகை மாதம் 4,000 ரூபாய். அட்வான்ஸ் 40,000 ரூபாய். உரிமையாளர் 30,000 ரூபாயை பேங்க் கணக்கில் போடச் சொன்னார். மீதி 10,000 ரூபாயைக் கையில் வாங்கிக்கொண்டார். "எழுத்து எல்லாம் எதுக்கும்மா, நம்பிக்கைதானே" என்றார். நம்ம பெண்களும் நம்பினார்கள். ஒப்பந்தம் எழுதவில்லை. கையில் கொடுத்த பணத்துக்கு ரசீதும் வாங்கவில்லை.

இரண்டு வருஷம் ஒரு மாதம்கூட வாடகை பாக்கி வைக்காமல் கட்டினார்கள். பிறகு கடையை வேறு தெருவுக்கு மாற்ற முடிவு செய்து, முன்கூட்டியே சொல்லிவிட்டுக் காலி செய்து, சாவியையும் கொடுத்தார்கள். அப்புறம்தான் ஆரம்பித்தது.

முதலில், "அடுத்த ஆள் வரட்டும்மா, அவங்க அட்வான்ஸ் தந்ததும் தர்றேன்" என்றார். ஒரு மாதம் கழித்துப் போனால், "வெள்ளை அடிக்க 12,000 ரூபாய் பிடிச்சுக்குவேன்" என்றார். அதற்கு அடுத்த மாதம், "நீங்க கொடுத்ததே முப்பதாயிரம்தான்" என்று சொல்லிவிட்டார்.

அந்த 40,000 ரூபாய் குழுவின் சேமிப்புப் பணம். உறுப்பினர்களுக்கு உள்கடனாகக் கொடுத்திருந்தால் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி வீதம் மாதம் 400 ரூபாய் வந்திருக்கும். பணம் கைக்கு வர ஐந்து மாதம் ஆனது. வட்டி மட்டும் 2,000 ரூபாய் நஷ்டம். அதைவிடப் பெரிய நஷ்டம், குழுவுக்குள் வந்த மனக்கசப்பு. "ரூம் பார்த்துக் கொடுத்தது நீதானே" என்று ஒரு உறுப்பினரைக் கை காட்டினார்கள். அவர் இரண்டு கூட்டத்துக்கு வரவே இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாட்டில் உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்த 2017-ல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. 2019 பிப்ரவரி 22 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி போன்ற நகர்ப் பகுதிகளில் உள்ள வீடுகளுக்கும் கடைகளுக்கும் இது பொருந்தும். நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை இவை:

1. அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது. ஆனால் அதிகமாகத் தருவதாக நாமே ஒப்பந்தம் செய்துகொண்டால் அது செல்லும். அதனால் "பத்து மாதம் கொடுப்பதுதான் ஊர் வழக்கம்" என்று யாராவது சொன்னால், "மூணு மாதம்தான் சட்டம், பார்த்துச் சொல்லுங்க" என்று பேசிக் குறைக்க நமக்கு இடம் இருக்கிறது.

2. காலி செய்த ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும். நாம் வைத்த பாக்கி ஏதாவது இருந்தால் அதை மட்டும் பிடித்துக்கொள்ளலாம். அடுத்த ஆள் வரும்வரை காத்திருக்கச் சொல்ல இந்தச் சட்டத்தில் இடம் இல்லை.

3. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். இவர் துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரி. பதிவு செய்யாத ஒப்பந்தத்தை நம்பி வழக்குக்குப் போனால் சிக்கல் வரும்.

வெள்ளை அடிக்கும் செலவு யாருடையது?

அட்வான்ஸில் கை வைக்க அதிகமாகச் சொல்லப்படும் காரணம் இதுதான். அதனால் இதை நன்றாக மனதில் வையுங்கள். யார் எந்தப் பராமரிப்பைச் செய்ய வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் பின்னால் ஒரு பட்டியல் இருக்கிறது.

உரிமையாளர் பொறுப்பு: சுவருக்கு வெள்ளை அடிப்பது, கதவு ஜன்னலுக்கு பெயின்ட் அடிப்பது, கட்டடத்தின் பெரிய ரிப்பேர், தேவைப்பட்டால் தண்ணீர்க் குழாய்களையும் கரண்ட் வயரிங்கையும் மாற்றுவது.

வாடகைதாரர் பொறுப்பு: தண்ணீர் டேப்பும் வாஷரும் மாற்றுவது, சாக்கடை அடைப்பு எடுப்பது, சுவிட்ச், பிளக் பாயின்ட், பூட்டு, கைப்பிடி, ஜன்னல் கண்ணாடி போன்ற சின்னச் சின்ன ரிப்பேர்.

ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் அதன்படிதான் நடக்கும். "காலி செய்யும்போது வெள்ளை அடிக்க ஒரு மாத வாடகை பிடிக்கப்படும்" என்ற வரி பல ஒப்பந்தங்களில் இருக்கும். கையெழுத்துப் போடும் முன்பே அதைப் படியுங்கள். வேண்டாம் என்றால் அப்போதே சொல்லி அடித்துவிடுங்கள்.

இன்னொன்று. நாம் குடியிருந்தால் சுவர் கொஞ்சம் மங்கும், தரை கொஞ்சம் தேயும். இது சாதாரணத் தேய்மானம். இதற்கு நாம் பணம் கொடுக்க வேண்டியதில்லை. சுவரை உடைத்தோம், ஓட்டை போட்டோம் என்றால் அது நம்ம செலவு. அதில் நாமும் நியாயமாக இருக்க வேண்டும்.

பணம் வரவில்லை என்றால் என்ன செய்வது?

முதல் படி: கணக்கை எழுதுங்கள். எவ்வளவு கொடுத்தோம், எந்தத் தேதியில், எந்த வழியில் கொடுத்தோம், காலி செய்த நாள், சாவி கொடுத்த நாள், கடைசி கரண்ட் பில் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதுங்கள். பாஸ்புக் நகல், வாடகை ரசீது, போனில் பணம் அனுப்பிய விவரம், காலி செய்த அன்று எடுத்த போட்டோ ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள்.

இரண்டாம் படி: நேரில் போய்க் கேளுங்கள். தனியாகப் போகாதீங்க. இரண்டு பேராகப் போங்க. சண்டை வேண்டாம். "அண்ணே, இதான் கணக்கு. பிடிக்க வேண்டியது ஏதாவது இருந்தா பில்லோட எழுதிக் கொடுங்க" என்று கேளுங்கள். எழுதிக் கேட்டாலே பாதிக் காரணங்கள் காணாமல் போய்விடும்.

மூன்றாம் படி: கடிதம் அனுப்புங்கள். பதிவுத் தபால் 2025-ல் ஸ்பீடு போஸ்ட்டோடு இணைக்கப்பட்டுவிட்டது. அதனால் தபால் ஆபீஸில் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, கடிதம் சேர்ந்ததற்கு அத்தாட்சி வேண்டும் என்று கேளுங்கள். கடிதத்தின் நகலையும் தபால் ரசீதையும் பத்திரமாக வையுங்கள். கடிதம் இப்படி இருந்தால் போதும்:

"ஐயா, தங்களுக்குச் சொந்தமான (முகவரி) கடையை (தேதி) முதல் வாடகைக்கு எடுத்திருந்தோம். அட்வான்ஸாக ரூ. ______ கொடுத்தோம். (தேதி) அன்று காலி செய்து சாவியை ஒப்படைத்துவிட்டோம். வாடகை பாக்கி எதுவும் இல்லை. கரண்ட் பில் ரூ. ______ கழித்து மீதி ரூ. ______ ஐ இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எங்கள் வங்கிக் கணக்கில் செலுத்தும்படி கேட்டுக்கொள்கிறோம். தவறினால் சட்டப்படி நடவடிக்கை எடுப்போம் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம்."

நான்காம் படி: இலவச சட்ட உதவிக்குப் போங்கள். வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். 1987-ம் வருடத்துச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, பெண்களுக்கு வருமானம் எவ்வளவாக இருந்தாலும் சட்ட உதவி இலவசம். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவும், வட்ட அளவில் வட்டச் சட்டப்பணிகள் குழுவும் இருக்கின்றன. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம்.

அங்கே மனு கொடுத்தால் எதிர்த்தரப்பைக் கூப்பிட்டுப் பேசுவார்கள். வழக்குப் போடும் முன்பே மக்கள் நீதிமன்றத்தில் வைத்து முடிக்கவும் வழி உண்டு. அதற்குக் கோர்ட் கட்டணம் கிடையாது. இரு தரப்பும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு எழுதுவார்கள். எழுதிவிட்டால் அது கோர்ட் தீர்ப்புக்குச் சமம். அப்பீல் இல்லை. ஒத்துவரவில்லை என்றால், எந்தக் கோர்ட்டில் எப்படி வழக்குப் போடுவது என்பதையும் அங்கே இருக்கும் வக்கீலே சொல்லுவார்.

ஒன்றை மறக்காதீங்க. பணம் கேட்டு வழக்குப் போட பொதுவாக மூன்று வருஷம்தான் கெடு. "தர்றேன், தர்றேன்" என்ற வாய் வார்த்தையை நம்பி நாளைக் கடத்தினால் உரிமை போய்விடும்.

கிராம ஊராட்சிக்குள் வாடகைக்கு இருப்பவர்களுக்கு 2017 சட்டம் வராது. ஆனாலும் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்கும் உரிமை அங்கேயும் உண்டு. மேலே சொன்ன நாலு படியும் அங்கேயும் பொருந்தும்.

அந்தக் குழுவுக்கு என்ன ஆனது?

கடிதம் போட்டும் பதில் இல்லை. சட்டப்பணிகள் குழுவில் மனு கொடுத்தார்கள். உரிமையாளருக்கு அழைப்பு போனது. வந்தார். வெள்ளை அடிக்கும் செலவு உங்களுடையது என்று அங்கே எடுத்துச் சொன்னதும் 12,000 ரூபாயை விட்டுவிட்டார். பேங்கில் போட்ட 30,000 ரூபாயை அவரால் மறுக்க முடியவில்லை. கையில் கொடுத்த 10,000 ரூபாய்க்குத்தான் இழுபறி. நம்ம பெண்கள் தீர்மான நோட்டைக் காட்டினார்கள். அதே நாளில் குழுக் கணக்கிலிருந்து 10,000 ரூபாய் எடுத்த பாஸ்புக் வரவு செலவையும் காட்டினார்கள். ஆனால் அவர் கையெழுத்து எதிலும் இல்லையே! கடைசியில் அதில் பாதிக்கு ஒத்துக்கொண்டார்.

கணக்கு இதுதான். மொத்தம் 40,000. கரண்ட் பில் 640, உடைந்த சுவிட்ச் போர்டுக்கும் பூட்டுக்கும் 1,360, ஆக 2,000 கழிந்தது. ரசீது இல்லாத பணத்தில் 5,000 போனது. கைக்கு வந்தது 33,000 ரூபாய். இரண்டு வரிக் கையெழுத்து வாங்காததற்கு அந்தக் குழு கொடுத்த விலை 5,000 ரூபாய். ரூம் பார்த்துக் கொடுத்த உறுப்பினர் இப்போது கூட்டத்துக்கு வருகிறார். புதுக் கடைக்கு ஒப்பந்தம் எழுதும்போது ஒவ்வொரு வரியையும் வாசித்துக் காட்டியதும் அவர்தான்.

உள்ளே போகும்போதே செய்ய வேண்டியவை

* அட்வான்ஸை பேங்க் மூலமாகவே கொடுங்கள். கையில் கொடுக்க நேர்ந்தால் தொகை, தேதி, "அட்வான்ஸ்" என்ற வார்த்தை, கையெழுத்து நான்கும் உள்ள ரசீது வாங்குங்கள்.
* ஒப்பந்தத்தில் முழு அட்வான்ஸ் தொகையையும், திருப்பித் தரும் கெடுவையும் எழுதச் சொல்லுங்கள். பதிவும் செய்யுங்கள்.
* இடையில் கட்டடத்தை விற்றால் அட்வான்ஸை யார் தருவது என்றும் ஒரு வரி சேருங்கள்.
* உள்ளே போகும் நாளிலும் காலி செய்யும் நாளிலும் சுவர், தரை, கதவு, சுவிட்ச், குழாய் எல்லாவற்றையும் போட்டோ எடுங்கள்.
* காலி செய்வதை முன்கூட்டியே எழுத்தில் சொல்லுங்கள். சாவி கொடுக்கும்போது "பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்து வாங்குங்கள்.
* கடைசி மாத வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்வதாக நீங்களாக முடிவு செய்யாதீர்கள். உரிமையாளர் எழுத்தில் ஒத்துக்கொண்டால் மட்டும் செய்யுங்கள். இல்லாவிட்டால் அதையே வாடகை பாக்கி என்று திருப்புவார்கள்.
* குழுவின் பெயரில் எடுத்தால் தீர்மானம் போட்டு, யார் கையெழுத்துப் போடுவது என்றும் எழுதுங்கள். பொறுப்பு ஒருவர் தலையில் மட்டும் விழக்கூடாது.

எல்லா உரிமையாளர்களும் ஏமாற்றுபவர்கள் இல்லை. வாடகையை நம்பியே வாழும் விதவைத் தாய்மார்களும் உரிமையாளர்களாக இருக்கிறார்கள். எழுத்து இருந்தால் அவர்களுக்கும் பாதுகாப்புதான். அதனால் எழுதிக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். ஐந்து ரூபாய் சந்தாவைக்கூட நோட்டில் எழுதாமல் நாம் விடுவதில்லை. நாற்பதாயிரத்தை மட்டும் எப்படி வாய் வார்த்தையில் விடுவது?

அடுத்த குழுக் கூட்டத்தில் இதை ஒருவர் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். அட்வான்ஸ் வராமல் நிற்கும் உறுப்பினர் யாராவது இருந்தால், கையில் உள்ள தாள்களை எடுத்துக்கொண்டு கூட்டமைப்பு அலுவலகத்துக்கு வரச் சொல்லுங்கள். கடிதம் எழுதவும், சட்ட உதவி மையத்துக்குக் கூட வரவும் நாங்கள் இருக்கிறோம்.