திறந்த நிரலில் மறைந்த நஞ்சு

யாவரும் படித்துத் திருத்தக்கூடிய கணிப்பொறி நிரலில் வஞ்சகம் நெடுநாள் மறைந்திருத்தல் அரிது எனப் பலர் கருதுவர். 2024 மார்ச்சில் வெளிப்பட்ட 'எக்ஸ்.இஸட். யூட்டில்ஸ்' நிகழ்ச்சி இக்கருத்தை அசைத்தது. லினக்ஸ் கணிப்பொறிகளில் கோப்புகளைச் சுருக்க உதவும் இத்தொகுப்பைச் செப்பனிடுவதில், 'ஜியா டான்' என்ற பெயரில் ஒருவர் ஈராண்டுக்கு மேல் பங்கு கொண்டு, பொறுப்பாளரின் நம்பிக்கையைப் பெற்றார். பின்னர், சோதனைக் கோப்புகளுள் நச்சு நிரலை ஒளித்தார். அதனை உயிர்ப்பிக்கும் கட்டளை பொதுவில் வைக்கப்பட்ட மூலத்தில் இல்லை. வெளியீட்டுப் பொதியில் மட்டுமே இருந்தது. தொலைவிலிருந்து கணிப்பொறியினுள் புகுவதற்கு அது கள்ள வழி அமைத்தது. நுழைவு ஏறத்தாழ அரை வினாடி தாமதமாவதைக் கண்ட ஆண்ட்ரெஸ் பிராயிண்ட் என்னும் பொறியியலாளர், காரணத்தை ஆராய்ந்து இதனைக் கண்டுபிடித்தார். ஆதலின், மூலத்தைப் படித்தல் மட்டும் போதாது. வெளியிடப்படும் பொதி அம்மூலத்திலிருந்தே உருவாயிற்றா எனச் சோதித்தலும் இன்றியமையாததாகும்.