விலை போடுமுன் வேலை விபரத்தை வாசியுங்கள்

அரச கொந்தராத்து கிடைத்துவிட்டால் இலாபம் நிச்சயம் என்ற எண்ணம் நம் வியாபாரிகள் பலரிடம் இருக்கிறது. எனக்கும் இருந்தது.

சில வருடங்களுக்கு முன், பாடசாலையொன்றின் சுவர்களுக்குப் பெயின்ட் அடிக்க விலைமனுக் கொடுத்தேன். பி.ஓ.கியூ. எனப்படும் அளவுப் பட்டியலில் 'இரண்டு பூச்சு' என்பது மட்டுமே என் கண்ணில் பட்டது. சதுர மீற்றருக்கு அதற்கேற்ற விலையைப் போட்டேன். வேலையும் கிடைத்தது. தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து சுட்டிக்காட்டிய பிறகுதான் அந்த வரியை முழுதாக வாசித்தேன். பழைய பெயின்டைச் சுரண்ட வேண்டும், வெடிப்புகளை அடைக்க வேண்டும், பிரைமர் ஒரு பூச்சுப் பூச வேண்டும், அதன் பின்னரே இரண்டு பூச்சு. அனைத்துக்கும் ஒரே விலை! கைப்பணம் போட்டு முடித்துக் கொடுத்தேன். அவர்கள் எதையும் மறைக்கவில்லை. வாசிக்காதது என் பிழை.

அன்றிலிருந்து நான் கவனித்து வரும் நான்கு விடயங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, பட்டியலின் முன்னுரை. பொருள், கூலி, ஏற்றியிறக்கல், சேதாரம் எல்லாம் விலைக்குள் அடக்கம் என்று அங்கேதான் எழுதியிருப்பார்கள். வேலையின் தரத்தை விபரக்கூற்று சொல்லும். அதில் 'இக்டாட்' என்று கண்டால் குழம்ப வேண்டாம். 2014ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின் பின் 'சீடா' எனப்படும் நிறுவனத்தின் பழைய பெயரே அது.

இரண்டாவது, அலகு. நாம் மணலைக் கியூப் கணக்கில் வாங்குகிறோம். பட்டியலில் கன மீற்றர் இருக்கும். ஒரு கியூப் என்பது 100 கன அடி, அதாவது சுமார் 2.83 கன மீற்றர். மண் வெட்டும் வேலையில் இன்னும் கவனம் தேவை. வெட்டிய மண் உதிர்ந்து பெருகும். டிரக்டருக்கு நாம் கொடுப்பது அந்தப் பெருகிய மண்ணுக்கு. நமக்குக் கிடைப்பதோ குழியின் நீள, அகல, ஆழக் கணக்குக்கு மட்டுமே.

மூன்றாவது, வெற்றிடம். விலை போடாமல் விட்ட வரிக்குத் தனியாகப் பணம் தரமாட்டார்கள். மற்ற விலைகளுக்குள் அது அடங்கிவிட்டதாகவே எடுத்துக்கொள்வார்கள். அலகு விலையும் மொத்தமும் பொருந்தாவிட்டால் பொதுவாக அலகு விலையே செல்லும். அலகு விலையைப் பிழையாக எழுதிவிட்டு, மொத்தம் சரிதானே என்று இருந்துவிடக் கூடாது.

நான்காவது, சந்தேகம். வேலை நடக்கும் இடத்தை நேரில் போய்ப் பாருங்கள். விளங்காததை, விலைமனு முடிவுத் திகதிக்கு முன்னரே, அதற்கெனக் கொடுத்த காலத்துக்குள் எழுத்தில் கேளுங்கள். பதிலை விலைமனுப் பத்திரம் எடுத்த அனைவருக்கும் அனுப்புவார்கள். கையொப்பமிட்ட பிறகு 'நான் இப்படித்தான் விளங்கினேன்' என்பது செல்லாது.

பத்திரம் ஆங்கிலத்தில் இருக்கிறதே என்று சிலர் தயங்குவர். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. படித்த பிள்ளையிடம் கொடுத்து வரிக்கு வரி வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். அளவு எடுக்கத் தெரிந்த ஒருவருக்குக் கூலி கொடுத்தாவது விலையைச் சரிபாருங்கள். அந்தச் செலவு வரப்போகும் நட்டத்தைவிடச் சிறியது.

சூரா அல்மாயிதாவின் முதல் வசனமே உடன்படிக்கைகளை நிறைவேற்றுமாறு விசுவாசிகளை ஏவுகிறது. குறைந்த விலைக்கு எடுத்துவிட்டு, பிறகு பெயின்டில் தண்ணீர் கலந்தும் சீமெந்தைக் குறைத்தும் நட்டத்தை ஈடுசெய்பவர் அந்த உடன்படிக்கையை முறிக்கிறார். வாசித்து விலை போட்டவருக்கு அந்த நிர்ப்பந்தம் வராது, இன்ஷா அல்லாஹ்.