ஈடுபாடு யாரிடம் இல்லை?

கல்லூரிப் பணியாளர்களிடம் ஈடுபாடு குறைந்துவிட்டது என்னும் குறை எழும்போதெல்லாம் நிர்வாகங்கள் ஊக்கப் பேச்சாளர் ஒருவரை அழைத்து வருகின்றன. கோளாறு பணியாளரின் மனத்தில்தான் உள்ளது என்பது அவர்களின் முன்முடிவு. உளவியலே இதை ஏற்பதில்லை.

எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் என்னும் அமெரிக்க உளவியலாளர்கள் வகுத்த தன்னிர்ணயக் கோட்பாடு, மனிதருக்கு மூன்று அடிப்படை உளத்தேவைகள் உண்டு என்கிறது: தன் விருப்பப்படி செயல்படுதல், தன் திறமையை உணர்தல், பிறரோடு உறவு கொள்ளுதல். இத்தேவைகள் நிறைவேறாதிருப்பது ஒன்று. பிறரால் முறியடிக்கப்படுவது வேறொன்று. செடிக்கு நீர் விட மறப்பதும் வேரில் வெந்நீர் ஊற்றுவதும் ஒன்றாகுமா? சாதி செய்வது இரண்டாவதை.

1918இல் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் அம்பேத்கர் பேராசிரியரானார். பிற கல்லூரி மாணவர்களும் அவரது வகுப்பைத் தேடி வந்தனர். ஆனால் ஆசிரியர்களுக்கான தண்ணீர்ப் பானையை அவர் பயன்படுத்துவதற்கு உடன் பணியாற்றியோர் சிலர் எதிர்ப்புத் தெரிவித்தனர். அவரிடம் ஈடுபாட்டுக்குக் குறைவில்லை, முறியடிக்கப்பட்டது உறவு.

இன்று பானைக்குப் பதிலாகக் கோப்புகள் அந்த வேலையைச் செய்கின்றன. நேர்காணல் முடிந்ததும் 'தகுதியானவர் எவருமில்லை' என எழுதி இடஒதுக்கீட்டுப் பணியிடத்தைக் காலியாகவே விடுவது, வந்தவரின் திறமையை எழுத்தில் மறுப்பதாகும். 2018இல் பல்கலைக்கழக மானியக் குழு, ஒவ்வொரு துறையையும் தனி அலகாகக் கொண்டு இடஒதுக்கீட்டைக் கணக்கிடச் சொன்னது. சுழற்சிப் பட்டியலில் பட்டியல் சாதியினருக்குரிய முதல் இடம் ஏழாவது, பழங்குடியினருக்குரியது பதினான்காவது. ஆறு பணியிடங்கள் கொண்ட துறையில் இருவருக்கும் எதுவுமில்லை! நாடு தழுவிய போராட்டத்திற்குப் பின், 2019இல் வந்த சட்டம் மத்தியக் கல்வி நிறுவனங்களில் முழு நிறுவனத்தையும் ஓர் அலகாக்கியது.

ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் தற்காலிகப் பணியும் இதே வகையானதே. அடுத்த பருவத்தில் வேலை உண்டா என்று அறியாத கௌரவ விரிவுரையாளர் துறைக் கூட்டத்தில் மாற்றுக் கருத்தை எப்படிச் சொல்வார்? அவரது மௌனத்தை 'ஆர்வமின்மை' எனப் பதிவு செய்வது எளிது.

இவ்வளவையும் ஆசிரியரை வைத்தே பேசிவிட்டோம். ஈடுபாடு பற்றிய ஆய்வுகளும் பெரும்பாலும் அப்படித்தான். கல்லூரியில் அதிகாலையே வந்து கழிப்பறையைக் கழுவுகிறவரைத் தன் பேரன் வயது மாணவரும் ஒருமையில் அழைக்கிறார். அமர்ந்து உண்ண அவருக்கு ஓர் அறை இருப்பதில்லை. மூன்று தேவைகளும் ஒருசேர முறியடிக்கப்படுவது அவருக்குத்தான். எனினும் ஈடுபாட்டை அளக்கும் வினாத்தாள் அவரிடம் வருவதில்லை. அவர் பெயர் இருப்பது ஒப்பந்ததாரரின் வருகைப் பதிவேட்டில். கல்லூரியின் கணக்கில் அவர் பணியாளரே அல்லர்.